லாயோல் கத்தியை அறைந்து மூடாதீர்கள்

பட்டறைக்குப் போன கத்தி திரும்பி வந்திருக்கிறது. அலகின் கூரில் சில்லு பெயர்ந்து விழுந்திருந்த பல்லைக் காணோம். அதைத் தேய்த்து எடுத்ததில் அலகின் அகலமும் ஒரு சீவல் குறைந்துவிட்டது. மற்றவர்கள் கண்ணில் படாது, எனக்குத் தெரிகிறது. இதே கத்திக்கு இது முதல் தடவையும் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லாயோல் ஒரு பிரெஞ்சு மடக்குக் கத்தி. எப்படியிருக்கும் என்று விளக்கப் போவதில்லை. இடுப்பு வளைந்த பிடி, பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கின் தலையில் ஒரு தேனீ உருவம், மெலிந்து நீளும் அலகு, படத்திலாவது பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சாதாரண மடக்குக் கத்தியைப் பாதிக்கு மேல் மடக்கிவிட்டு விரலை எடுத்துவிடலாம். மீதியை ஸ்பிரிங்கே ‘டக்’கென்று இழுத்து மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே கத்தி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய முறையில் செய்த லாயோலில் அந்த ‘டக்’ ஆகாது. வேகமாக உள்ளே விழுந்தால் அலகு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், கூர்ப்பகுதி நேராக ஸ்பிரிங்கின் உட்புறத்தில் மோதும். இரும்பும் இரும்பும் மோதினால் மெலிந்ததுதான் தோற்கும். என் கத்தியில் பல் விழுவது எப்போதும் நடு அலகில், நான் அதிகம் புழங்குகிற அதே இடத்தில்.

அதனால் அலகின் முதுகை விரல்களால் பிடித்து, கடைசி வரைக்கும் கூடவே கொண்டுபோய் உள்ளே வைக்க வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு?

நாங்கள் இருப்பது பிரான்சில், கிளெர்மோன் ஃபெரானில். விடுமுறை நாளில் பாரிஸிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் உறவுக்காரர்கள் வருவார்கள். மேஜையில் ரொட்டியும் சீஸும் வைத்தால் இந்தக் கத்தியும் பக்கத்தில் இருக்கும். பார்த்தவுடன் கை நீளும், திறப்பார்கள், தேனீயைத் தடவுவார்கள், ‘டக்’. கார் கதவை அறைந்து சாத்துவதுபோல ஒரு மூடல். போன முறை சித்தப்பா.

“மெதுவா மூடணும் சித்தப்பா, வாய் போயிடும்.”

“என்னடா கத்தி இது, கண்ணாடியில பண்ணதா?”

“இல்ல சித்தப்பா, இதோட அமைப்பே அப்படித்தான்.”

“மெதுவா மூடறதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி.

நான் சேர்க்கும் கத்திகள் எல்லாமே, கத்திக்குப் பேர்போன தியேர் ஊரில் ஒரு பெரியவர் கையால் செய்பவை. பெயர் வேண்டாம்; சண்டை எனக்கும் அவருக்கும். பல் விழுந்த கத்தியை நீட்டினால் முதலில் கேட்பது “யார் மூடியது?” என்றுதான். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், வாங்கிக்கொள்வார். பணம் பெரிதாக வாங்குவதில்லை. என் கடுப்பு பணத்தைப் பற்றியதும் இல்லை.

தடுப்பு வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். அலகின் அடிப்பாகத்தில் சின்னதாக ஒரு மேடு விட்டால் அது ஸ்பிரிங்கில் முட்டி நின்றுகொள்ளும், கூர்ப்பகுதி கீழே தொடாது. அப்படிச் செய்கிற கத்திக்காரர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்கிறார். மேடு விட்டால் அலகு அவ்வளவு ஆழமாக உட்காராது, முதுகு பிடியைவிட்டு எழும்பி நிற்கும், மூடிய கத்தியின் வளைவு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. ஒரு மில்லிமீட்டர் எழும்பினால் என்ன முசியே என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். ஆனால் மூடிய கத்தியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்றும் தோன்றுகிறது. பிடியின் கோடும் அலகின் முதுகும் ஒரே இழுப்பில் ஓடுகின்றன. தடுப்பு வைத்த கத்திகளில் அந்த ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒப்புக்கொள்ள மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பிடிவாதக்காரரிடம் ஏன் திரும்பத் திரும்பப் போகிறேன் என்றால், ஸ்பிரிங்கின் முதுகைப் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் வேலைப்பாடு அச்சில் அடித்தது கிடையாது. அரத்தால் ராவி ராவிச் செய்தது. கொடியும் இலையுமாக ஓடும் அவருடைய வடிவம் இன்னொருவர் கத்தியில் வராது. தேனீயும் தனியாகச் செய்து ஒட்டவைத்ததில்லை. ஸ்பிரிங்கின் நுனியையே பழுக்கக் காய்ச்சித் தட்டி அகலமாக்கி, அந்த இரும்பிலேயே செதுக்கியது. நெப்போலியன் லாயோல் என்ற ஊருக்குக் கொடுத்த சின்னம் என்று கடைகளில் கதை விடுவார்கள், நம்பாதீர்கள். இந்தக் கத்தி பிறந்ததே 1829 வாக்கில்தான், நெப்போலியன் இறந்து சில வருடம் கழித்து. ஆரம்ப காலக் கத்திகளில் தேனீயே கிடையாது. அது பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்.

மெய்யான கதை இதைவிட நன்றாக இருக்கும். லாயோல் என்பது தென் பிரான்சின் ஒப்ராக் மேட்டு நிலத்தில், ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிற மாட்டுக்காரர்களின் ஊர். 1840 வாக்கில் கத்தியோடு ஓர் ஊசியையும் சேர்த்தார்கள். ஈரப்புல் மேய்ந்து வயிறு உப்பிப்போன மாட்டின் விலாவில் குத்திக் காற்றை வெளியேற்ற. குளிருக்குப் பயந்தும் பிழைப்புக்காகவும் அந்தப் பக்கத்து ஆட்கள் பாரிஸ் போய்க் காபிக்கடை, ஒயின் கடை வைத்தார்கள். அவர்களுக்காக 1880-இல் கார்க் திருகியும் ஏறியது. என்னிடம் மூன்றும் உள்ள கத்தி ஒன்று இருக்கிறது. ஊசியை இதுவரை பயன்படுத்தியது பெல்ட்டில் ஓட்டை போட மட்டும்.

பிடிகளில் எனக்குப் பிடித்தது ஒப்ராக் மாட்டின் கொம்பு நுனி. கருப்பிலிருந்து தேன் நிறத்துக்குப் போகிற இடம் ஒவ்வொன்றிலும் வேறு. மனைவிக்குப் பிடித்தது ஜூனிபர் கட்டை, அதன் வாசனைக்காக. கையில் பிடித்துவிட்டு வைத்தால் விரலில் கொஞ்ச நேரம் மணக்கும். பிடியில் ஆணிகளால் ஒரு சிலுவை இருக்கும். மலையில் தனியாக இருந்த இடையர்கள் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்திக் கும்பிட்டார்கள் என்பது அதற்குச் சொல்லும் கதை.

எஃகு விஷயம் சுருக்கமாக. ஸ்வீடன் நாட்டு 12சி27 என்கிற எஃகு துருப்பிடிக்காது, கவலை வேண்டாம். கார்பன் எஃகு மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் நீலமும் கருப்புமாகப் பாயும். அலகு முழுக்க அந்த நிறம் ஏறிய பிறகு கத்திக்கு வயசு வந்த களை. துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். சாணைக்கல்லில் கார்பன் எஃகு எடுக்கிற கூருக்கு முன்னால் மற்றது நிற்காது.

தியேர் போனால் கத்தி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். துரோல் ஆற்று நீர் சுழற்றிய கல்லின் மேல், பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் அந்தக் காலத்துச் சாணைக்காரர்கள் வேலை பார்த்தார்கள். குளிருக்கு இதமாக நாயைக் கால்மேல் படுக்க வைத்துக்கொள்வார்கள். கல்லிலிருந்து தெறித்த மஞ்சள் சேற்றால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிறுக்காரர்கள்’ என்றே பெயர். அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் என்று ஒரு கத்தி பல வீடுகளைச் சுற்றி வரும். எங்கள் பெரியவர் முதலிலிருந்து கடைசி வரை தானே செய்கிறார். பிடிவாதம் அங்கேதான் ஆரம்பமாகிறது என்று நினைக்கிறேன்.

இனி வாங்க நினைப்பவர்களுக்கு. புதுச்சேரி நண்பன் ஒருவன், “மச்சான், ஆன்லைன்ல லாயோல் செட் ரொம்ப சீப்பா கிடைக்குது, வாங்கிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறான். வேண்டாம்டா. லாயோல் என்ற பெயரைக் கத்தியில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டார்கள். ஆசியத் தொழிற்சாலையில் அடித்த தகடும் லாயோல்தான், எங்கள் பெரியவருடையதும் லாயோல்தான். 1993-இல் ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வியாபாரி அந்தப் பெயரை எத்தனையோ பொருள்களுக்குத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். ஊர் வழக்குப் போட்டு 2012-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் தோற்றது. கோபத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றிவிட்டார்கள். ஆகவே பெயரைப் பார்க்காதே, செய்த ஆளைப் பார். அலகில் பட்டறையின் முத்திரை இருக்க வேண்டும். திறக்கும்போது ஆட்டம் இருக்கக் கூடாது. மூடியபின் அலகு பிடியின் நடுவில் உட்கார வேண்டும். அரவேலை இடமும் வலமும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படு.

பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரியலாம் என்றும் நினைக்க வேண்டாம். தக்க காரணமில்லாமல் கத்தி வைத்திருப்பது பிரான்சில் குற்றம். பிக்னிக் கூடையில் ரொட்டியோடு இருந்தால் ஒரு கதை, இரவில் மெட்ரோவில் சட்டைப் பையில் இருந்தால் வேறு கதை. யாருக்காவது பரிசாகக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு நாணயம் வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா கொடுத்தால் உறவை அறுத்துவிடும் என்று இங்கேயும் நம்புகிறார்கள். சித்தப்பாவிடம் நாணயம் வாங்கியும் பயன் இருந்திருக்காது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் தீர்ப்பு: வாங்காதீர்கள். சொல்லிக் கொடுத்தால்தான் மூட முடியும் என்கிற கத்தி நாலு பேர் வந்துபோகும் வீட்டுக்கு ஆகாது. இன்னொரு பிரெஞ்சு மடக்குக் கத்தியான ஒபினெல் 8-ஆம் நம்பர் வாங்குங்கள். 1890-இலிருந்து வருகிறது. பீச் மரப் பிடி. 1955-இலிருந்து கழுத்தில் பூட்டு வளையமும் உண்டு. சித்தப்பா என்ன அறைந்தாலும் தாங்கும், நான் பார்த்திருக்கிறேன். பெரியவரின் கத்தி ஒன்றின் விலையில் பத்துக்கு மேல் வரும். அலகு தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கலாம், மனசு வலிக்காது.

அடுத்ததாக ஆலிவ் கட்டைப் பிடியில் ஒன்றுக்கு நான் முன்பணம் கட்டியிருக்கிறேன். கார்பன் எஃகு, 12 சென்டிமீட்டர். தடுப்பு வைத்துத் தரச் சொல்லி இன்னொரு முறையும் கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டு, எந்தக் கட்டை என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.