முகம் வெளுக்கும் என்று மெடிக்கலில் எடுத்துத் தரும் டியூப்: பார்லர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவளின் மதிப்புரை

மதுரை செல்லூரில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். என்னிடம் வரும் பெண்களின் கைப்பையில் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு க்ரீமைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரே கலவையை ஆளுக்கொரு பெயரில் போடுகிறார்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1% என்று பொடி எழுத்தில் இருந்தால் நான் சொல்கிற க்ரீம் அதுதான். மூன்றாவதாக இருக்கிற மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. அதை மறைத்தால் நான் அடுத்து எழுதுவதை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு வாரத்தில் பருவின் சிவப்பு அடங்கும், கரும்புள்ளி மங்கும், முகம் வழவழவென்று ஒரு சுற்று வெளுத்துத் தெரியும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் குறித்த வீடுகளில் இந்த டியூப் கைமாறுவது அதனால்தான். அக்கா தங்கைக்குச் சொல்வாள், தங்கை கூட வேலை பார்க்கிற பெண்ணுக்குச் சொல்வாள்.

அந்த வெளுப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். ஹைட்ரோகுயினோன் தோலில் நிறமி உண்டாவதைக் குறைக்கிறது. ட்ரெட்டினாயின் மேல்தோலைச் சீக்கிரம் உதிர்த்துப் புதுத் தோலை வரவைக்கிறது. இரண்டுமே எரிச்சல் தரும் சரக்கு. அந்த எரிச்சலை அமுக்கத்தான் ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோல் உடனே வெளிறுகிறது. 1975-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதே மாதிரி ஒரு மூன்று மருந்துக் கலவையை வெளியிட்டார். கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாக வருகிற மங்குக்கு இன்றும் தோல் டாக்டர்கள் இந்த வகை மருந்தை எழுதுகிறார்கள். ஆனால் 2002-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கலவை, மொமெட்டசோனைவிட வலுக் குறைந்த ஸ்டீராய்டு சேர்த்தது. அதையே 8 வாரம் வரைதான் போடலாம் என்று வைத்தார்கள். இங்கே அதைவிட வலுவானதைப் பவுடர் மாதிரி வருஷக்கணக்கில் பூசுகிறார்கள். மங்கு இல்லாத முகத்தில், மாநிறத்தைச் சிவப்பாக்க!

இனி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நான் பார்ப்பது. புருவம் திருத்த நூலைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் நல்ல தோல் கொஞ்சம் சிவக்கும், ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும். இந்த க்ரீம் பழகிய தோல் அப்படி இல்லை. முடியோடு சேர்ந்து மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரி வந்துவிடும். அடியில் ஈரமாக, ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரியும். மேல் உதட்டில் வாக்ஸ் போட்டால் இன்னும் மோசம். லைட்டைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தால் மூக்கு ஓரத்திலும் கன்னத்திலும் சிவப்பு நரம்புகள் கிளை கிளையாக ஓடும். தாடையில் பூனைமுடி அடர்ந்திருக்கும். வாயைச் சுற்றி ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், உதட்டை ஒட்டிய மெல்லிய வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு வரிசையாக நிற்கும். பருதான் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டு வருவார்கள். முடி நிறைய வந்துவிட்டது, எடுத்து விடுங்கள் என்பார்கள். அந்த முடி ஏன் வந்தது என்று சொன்னால் முகம் வாடிப்போகும்.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு பெண் வந்தாள். ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கிறவள். அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் வெயிலில் நின்றிருக்கிறாள்.

“அக்கா, மிளகாயை அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுக்கா. க்ரீமை நிப்பாட்டிப் பாத்தேன், மூணாம் நாளே வீங்கிப் போச்சு. திரும்பப் போட்டா அடங்கிருது.”

இந்த க்ரீமின் கொடுமையே அதுதான். நிறுத்தினால் சுருங்கியிருந்த ரத்தக் குழாய்கள் விரிந்து, முகம் சிவந்து, எரிந்து, கொப்புளித்துவிடும். திரும்பப் பூசினால் அமைதி. ஆக, காயப்படுத்துகிற மருந்தையே குணப்படுத்துகிற மருந்து என்று நம்பிக்கொண்டு இருப்பார்கள். ஸ்டீராய்டுக்கு அடிமைப்பட்ட முகம் என்று டாக்டர்கள் இதற்கு ஒரு நோய்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2011-ல் இந்தியாவில் பல ஊர்த் தோல் மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள்.

இதன் கூடப்பிறந்தது இன்னொரு டியூப். படர்தாமரைக்கு என்று கேட்டால் எடுத்து நீட்டுவது. பூஞ்சைக் கொல்லியோடு க்ளோபெட்டசாலைச் சேர்த்திருப்பார்கள். தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வலுவான வகை அது. எங்கள் தெருவில் ஒரு பரோட்டா மாஸ்டர் இருக்கிறார். கல் முன்னால் நின்று ராத்திரி முழுக்க வேர்க்கும், தொடையிடுக்கில் படை. பூசியதும் அரிப்பு நின்றுவிட்டது, அண்ணன் சந்தோஷமாக இருந்தார். ஆனால் ஸ்டீராய்டு அங்கே நோய் எதிர்ப்பை அமுக்கிவிடுவதால் பூஞ்சை உள்ளுக்குள் சுகமாகப் பரவியிருக்கிறது. வட்டம் வட்டமாக இருந்த படை உருமாறி, டாக்டரே முதல் பார்வையில் கண்டுபிடிக்கத் திணறுகிற மாதிரி இடுப்பு வரை ஏறிவிட்டது. இப்போது மாத்திரையில் ஓடுகிறது. படை போய்விடும். தொடையில் விழுந்த அகலமான வரிகள் முழுசாக மறையாது.

பூசுகிற இடம் எது என்பது எவ்வளவு முக்கியம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். முன்கையின் உட்புறம் இழுத்துக்கொள்கிற மருந்தை 1 என்று வைத்தால் நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. கைக்குத் தாங்குகிற மருந்து முகத்துக்கும் இடுக்குக்கும் தாங்காது. கண் இமைப் பக்கம் நாள்பட்டுப் பூசினால் கண்ணில் அழுத்தம் ஏறலாம், புரையும் வரலாம்.

கடைச் சேவைக்கும் இங்கே மார்க் போட்டாக வேண்டும். டியூபில் சிவப்புக் கோடு இருக்கிறது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றும் அச்சடித்திருக்கிறது. 2018-ல் மத்திய அரசு, வெளிப்பூச்சு என்பதால் தப்பித்துக்கொண்டிருந்த 14 ஸ்டீராய்டுகளையும் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் நான் போய்க் கேட்ட மெடிக்கலில் சீட்டு எங்கே என்று ஒரு வார்த்தை வரவில்லை. எத்தனை நாள் பூசணும் என்று கேட்டேன். “போட்டுக்கிட்டே இருங்கம்மா, நல்லாருக்கும்” என்றார் கவுன்டரில் இருந்த தம்பி. எனக்கு வயிறு எரிந்தது.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஓடுவதும் சரியில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முழங்கை மடிப்பில் கரப்பான். டாக்டர் எழுதின ஆயின்மென்ட்டை, ஸ்டீராய்டு என்று கேள்விப்பட்டதும் அதன் அப்பத்தா பீரோவில் பூட்டிவிட்டார். பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிந்து தலையணை உறையில் ரத்தம். அப்புறம் அம்மாவே திரும்ப டாக்டரிடம் போய்க் கேட்டுவந்தாள். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அந்தக் கணக்கில், அவர் சொன்ன நாள் வரை மட்டும் பூசினாள். பிள்ளை தூங்குகிறான். வலு, இடம், அளவு, நாள் நான்கையும் ஒருவர் பார்த்து எழுதினால் இது அருமையான மருந்து.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்களுக்கு: இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டியூபையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். கையில் காசு இல்லாவிட்டால் கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது, ஓபி சீட்டு போட்டுத் தோல் பிரிவில் காட்டலாம். எப்படி நிறுத்துவது, வலுக் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவதா என்பதெல்லாம் அவர்கள் முடிவு. தோல் தேறும் வரை ப்ளீச், வாக்ஸ், ஃபேஷியல் எதுவும் வேண்டாம். வெயிலில் போனால் சன்ஸ்க்ரீனும் குடையும். என்னிடம் அப்படி வருபவர்களுக்கு நூலைக்கூட எடுப்பதில்லை. ப்ளக்கரால் ஒவ்வொரு முடியாக எடுக்கிறேன், நேரமானாலும் பரவாயில்லை.

மங்குக்கு டாக்டர் எழுதி, நாள் குறித்துக் கொடுத்தால்: ஐந்துக்கு நான்கு. கவுன்டரில் நீங்களாகக் கேட்டு வாங்கினால்: பூஜ்யம். கல்யாணப் பெண்கள் ஒரு மாதம் முன்னாலேயே என்னிடம் வந்துவிடுங்கள். டியூப் எதுவும் பூசுகிறீர்கள் என்றால் அட்டையோடு கொண்டுவாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.