சாமிக்குக் கடைசி எழுத்து 'ஐ'யா, 'ஒய்'யா?

அப்பாவின் பெயர் 'சாமி' என்று முடியும். வீட்டு கிராண்டில், அதாவது உரிமைப் பத்திரத்தில், அந்தச் சாமிக்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்து 'ஐ'. அவருடைய ஐசி என்னும் அடையாள அட்டையிலும் இறப்புச் சான்றிதழிலும் 'ஒய்'. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இருந்த மூன்று வாரத்தில் பத்து நாள் இந்த ஓர் எழுத்துக்கே போய்விட்டது. விமானம், கார், சாப்பாடு எல்லாம் நன்றாகவே அமைந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வீடு 1983-இல் அப்பா வாங்கியது. ரப்பர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் கல்யாணம் முடித்து, நாற்பது வயதுக்கு மேல் தோட்டத்தை விட்டு வெளியே வந்த மனிதர். கிராண்ட் கைக்கு வந்த அன்று அதைச் சாமி மேடையில் வைத்துக் கற்பூரம் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அவர் 2009-இல் காலமானார். அம்மா இருக்கும்போது பெயர் மாற்றும் பேச்சை எடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. அம்மாவும் 2021-இல் போய்விட்டார். அண்ணன் கிள்ளானில், நான் அடிலெய்டில். கடைசி வரை அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, சோறு ஊட்டியவள் தங்கைதான். வீடு அவளுக்கு என்பதில் எங்களுக்குள் இரண்டாவது பேச்சே இல்லை.

முதலில் ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தோம். கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று 3,000 வெள்ளி முன்பணம் வாங்கினார்கள். இரண்டு வருடம் போன் போட்டபோதெல்லாம் 'ஃபைல் ஓடுகிறது' என்ற ஒரே பதில்தான். அப்புறம் தங்கையே நாலு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தாள். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளிக்குள் இருந்தால், 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி 'புசாக்கா கெச்சில்' எனப்படும் சிறு சொத்து வழியிலேயே முடித்துவிடலாம். 2024 ஜூலைக்கு முன் அந்த வரம்பு 2 மில்லியன். எங்கள் வீடு எந்தக் கணக்கிலும் அதற்கு ரொம்பக் கீழே. வழக்கறிஞரே தேவையில்லை. இந்த ஒரு வரியை அவர்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தங்கை 'போராங் ஏ' என்ற மனுப் படிவத்தை நிரப்பி, இரண்டு இறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். தாத்தா பாட்டி முன்பே இறந்துவிட்டதால், அப்பாவின் சொத்தில் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அம்மாவும் இல்லாததால் அந்தப் பங்கும் எங்களுக்கே வருகிறது. நானும் அண்ணனும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால் வீடு தங்கையுடையது. விசாரணைத் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டுத்தான் நான் வந்தேன்.

வந்த மறுநாள் கிராண்ட் நகலைக் கையில் எடுத்தபோதுதான் அந்த 'ஐ' கண்ணில் பட்டது. சரி, ஓர் எழுத்துதானே என்று எங்கள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பினேன். அண்ணனுடையதில் அப்பா பெயர் 'ஐ' எழுத்தில் முடிகிறது. தங்கையுடையதில் 'ஒய்'. என்னுடையதில் சாமி 'ஸ்வாமி'யாகியிருக்கிறார், நடுவில் ஒரு 'டபிள்யூ'! ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேருக்குக் காகிதத்தில் மூன்று அப்பா.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெயர் கொடுக்கப் போனவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தோட்டத்து எழுத்தரான கிராணி காதில் விழுந்ததை எழுதினார். எழுதியதைச் சரிதானா என்று கேட்க அப்பாவுக்கு வாய் வந்திருக்காது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி தூக்கிய மனிதர், ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். அவர் பெயரை இப்படி ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடிலெய்டில் நான் வீடு வாங்கியபோது பாஸ்போர்ட்டை ஒரே ஒரு தடவை காட்டினேன். மற்றதெல்லாம் கணினியில் நடந்தது. காகித கிராண்ட் என்று ஒன்று என்னிடம் இல்லவே இல்லை. இத்தனைக்கும் இரண்டு நாட்டு நிலப் பதிவும் ஒரே முறை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்ற ஏற்பாட்டை 1858-இல் ராபர்ட் டொரன்ஸ் கொண்டுவந்தது நான் இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவில்தான். மலேசியாவின் 1965 தேசிய நிலச் சட்டமும் அதே வழியில் வந்தது. பதிவேடுதான் எல்லாம் என்னும்போது, அதில் பெயரைச் சரியாக எழுதுவதல்லவா முதல் வேலை?

பத்து நாள் அலைச்சலை நீட்டவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சூராட் அக்குவான் என்னும் சத்தியக் கடிதம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்டோம். தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் உறுதிக் கடிதத்துக்கு மனு கொடுத்தோம். இதற்கெல்லாம் ஆதாரமாக அப்பாவின் பழைய ஐசி எண் வேண்டியிருந்தது. கிராண்டில் இருப்பது பழைய ஏழு இலக்க எண். இறப்புச் சான்றிதழில் இருப்பதோ 1990-க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்க எண். இரண்டும் சேர்ந்திருக்கும் ஒரு காகிதம் கிடைத்தால் போதும்.

அது அம்மாவின் அலமாரியில், மிலோ டின்னுக்குள் இருந்தது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்துக்குள் நான்காக மடித்து, அப்பாவின் ஐசி நகலை, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், அம்மா வைத்திருந்தார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று நம் ஊர்த் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. அப்பா சம்பளத்தில் பிடித்துக் கட்டியவர். மடிப்பில் மை உதிர்ந்திருந்தாலும், பின்பக்கத்தில் பழைய எண் ஏழு இலக்கமும் தெளிவாக இருந்தது.

விசாரணை அன்று நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். நடு வயது மலாய்க்காரப் பெண் அதிகாரி. எல்லாக் காகிதத்தையும் வரிசையாகப் பரப்பினார். பெயரைப் பார்க்கவேயில்லை. கிராண்டில் இருந்த எண்ணைப் பென்சிலால் லேசாக வட்டமிட்டார், ஐசி நகலில் இருந்ததையும் வட்டமிட்டார். இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். 'சாமா' என்றார். ஒன்றுதான். ஜேபிஎன் கடிதத்தையும் சூராட் அக்குவானையும் ஃபைலில் சேர்த்தார். அவ்வளவுதான்!

அப்புறம் அண்ணனையும் என்னையும் தனித்தனியாகக் கேட்டார். பங்கை விட்டுக்கொடுப்பது சொந்த விருப்பமா, யாரும் வற்புறுத்தினார்களா, வேண்டாம் என்ற பிறகு திரும்பக் கேட்க முடியாது என்பது தெரியுமா? கேட்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் குரல் அடைத்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அண்ணன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அடிலெய்டில் என் வீட்டுப் பத்திரத்தை முடித்தவரின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

உத்தரவு தயாரானதும் நகலைத் தங்கை பக்கம் திருப்பி, 'அடிக் (தங்கச்சி), பெயர் சரியா என்று பார்' என்றார். தங்கை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயரைத் தாண்டி, மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ பி'யைத் தாண்டி, அப்பா பெயரில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் விரலை எடுக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒய்தான் அண்ணே" என்றாள்.