மேன்டிஸும் ஊதியமில்லாச் சோதனையாளர்களும்: சில ஆண்டுகளின் பயன்பாட்டு அனுபவம்

சொந்தமாக ஒரு சிறு கணினி விளையாட்டை எழுதி முடிக்கும் தறுவாயில் இருக்கும் நண்பர் ஒருவர், அதைச் சோதித்துத் தரத் தன்னார்வலர்களைச் சேர்க்கப் போவதாகச் சொல்லி, அவர்கள் அனுப்பும் வழு (நிரல் பிழை) அறிக்கைகளைத் தொகுக்க மேன்டிஸை நிறுவலாமா என்று சென்ற வாரம் கேட்டார். தொலைபேசியில் தொடங்கிய பதில் பாதியில் நின்றது, மீதி இது. மேன்டிஸ் 2000ஆம் ஆண்டு முதல் இருந்துவரும், பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் என்பதும், பழைய ஆர்கேட் இயந்திர விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் என்னும் எமுலேட்டரின் சோதனையாளர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள் என்பதும் இதைப் படிப்பவர்களில் பலர் அறிந்தவை. நிறுவும் முறை, வேகம், பழங்காலத்துத் தோற்றம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. என் மகிழ்ச்சி, எரிச்சல் இரண்டுமே அதன் அறிக்கைப் படிவத்தில் இருக்கும் ஒரே ஒரு பெட்டியைச் சுற்றி வருகின்றன.

அந்தப் பெட்டி, கண்ட வழு மறுபடியும் நிகழ்கிறதா என்று கேட்கிறது. அதில் ஆறு விடைகள் உண்டு: எப்போதும் நிகழ்கிறது, சில வேளைகளில் நிகழ்கிறது, ஒழுங்கின்றி நிகழ்கிறது, முயன்று பார்க்கவில்லை, முயன்றும் நிகழவில்லை, பொருந்தாது. இவற்றுள் நான்காவது விடையை யோசித்துச் சேர்த்தவர் யாராக இருந்தாலும், ஊதியம் பெறாமல் வேலை செய்பவர்களோடு பழகியவராகத்தான் இருக்க வேண்டும். நிறுவனத்தில் பணிபுரியும் சோதனையாளருக்கு ஒரே சுவரில் நாற்பது முறை மோதிப் பார்ப்பதற்குச் சம்பளம் உண்டு. என் திட்டத்துக்கு வருபவர் அலுவலகம் முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு, விளையாடத்தான் கணினியின் முன் அமர்கிறார். வழியில் ஒரு வழு தென்பட்டால் சொல்லிவிட்டுப் போகிறார். மறுமுறை முயன்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தினால், அவர் முயலவும் மாட்டார், எழுதவும் மாட்டார். முயலவில்லை என்று கூச்சமின்றிச் சொல்ல ஓர் இடம் தந்துவிட்டால், பெரும்பாலானோர் உண்மையை எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த உண்மையை வைத்துக்கொண்டு, இந்த அறிக்கையைத் தொடர்ந்து இன்னொருவரை அனுப்பலாமா, காத்திருக்கலாமா என்று ஒருங்கிணைப்பவர் முடிவு செய்ய முடிகிறது.

இந்தப் பெட்டி எனக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக முக்கியமாவதற்குக் காரணம் எங்கள் திட்டத்தின் தன்மை. 1993 டிசம்பரில் வெளிவந்த, அரக்கர்களைச் சுடும் டூம் விளையாட்டின் மூலநிரல் 1997 டிசம்பரில் பொதுவெளிக்கு வந்தது. அதிலிருந்து கிளைத்த எண்ணற்ற சோர்ஸ் போர்ட்டுகளில் (அந்த மூலநிரலை மாற்றி உருவாக்கிய பதிப்புகளில்), கையளவு பேர் மட்டுமே அறிந்த சிறிய போர்ட் ஒன்றை நாங்கள் பராமரிக்கிறோம். டூமின் உள்ளே உண்மையான தற்செயல் என்று ஒன்று கிடையாது. 256 எண்கள் கொண்ட நிலையான பட்டியல் ஒன்றை வரிசையாகப் படித்துத்தான் அரக்கன் எப்போது சுடுவான், அடி எவ்வளவு விழும் என்பதை அது தீர்மானிக்கிறது. விளையாடுபவர் ஒரே கணத்தில் ஒரே விசையை அழுத்தினால், ஆட்டம் ஒவ்வொரு முறையும் அணு பிசகாமல் ஒரே மாதிரி நடக்கும். டெமோ கோப்பு என்பது அந்த விசையழுத்தங்களின் பதிவு மட்டுமே. நொடிக்கு 35 டிக்குகள் (ஆட்டம் முன்னேறும் மிகச் சிறிய காலத் துண்டுகள்), ஒருவர் தனியாக ஆடினால் டிக்குக்கு நான்கு பைட்டுகள்; ஆக ஒரு நிமிட ஆட்டம் 8,400 பைட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது, தலைப்புப் பகுதிக்கு மேலும் சில பைட்டுகள் மட்டும் வேண்டும்.

இதன் பொருள், தனியாள் ஆட்டத்தின் நடப்பில் தென்படும் வழுவுக்கு "ஒழுங்கின்றி நிகழ்கிறது" என்ற விடை ஏறத்தாழ எப்போதும் தவறானது என்பதே. சோதனையாளர் அதைத் தேர்ந்தெடுத்தால், காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன். டெமோ கோப்பை இணைத்திருந்தால் அந்த விடையை நானே "எப்போதும்" என்று திருத்திவிடுவேன், ஏனெனில் என் கணினியில் அதை ஓட்டும்போது அதே கதவு அதே நொடியில் திறக்காமல் நிற்கும். எங்கள் மாற்றங்களில் ஏதேனும் பழைய நடத்தையைக் குலைத்திருந்தால் அதையும் டெமோவே காட்டிக் கொடுக்கும். பதிவும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று விலகிய கணத்திலிருந்து வீரன் வெற்றுச் சுவரைச் சுட்டுக்கொண்டும், மூலையில் முட்டிக்கொண்டும் நிற்பதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். 1994 முதல் வேகவோட்டக்காரர்களின், அதாவது ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடுபவர்களின், டெமோக்களைச் சேர்த்துவரும் காம்பெட்-என் போன்ற தொகுப்புகள் இருப்பதால், பழைய நடத்தை மாறவில்லை என்பதைக் கணினியே இரவில் சரிபார்த்துவிடுகிறது. மனிதர்களிடம் நான் கேட்பது டெமோவால் சொல்ல முடியாதவற்றை மட்டுமே: ஒலி பிசிறுகிறதா, கேம்பேட் பிடி விடுகிறதா, அகலத் திரையில் துப்பாக்கி சரியான இடத்தில் தெரிகிறதா, பட்டியல் திரையில் எழுத்து வெட்டுப்படுகிறதா. அசல் விளையாட்டை வாங்காதவர்களுக்கு இலவசமாகப் பரப்பப்படும் ஷேர்வேர் பதிப்பும், அசலுக்கு மாற்றான கட்டற்ற ஃப்ரீடூம் தரவுகளும் போதும். உழைப்பை இப்படிப் பிரித்த பிறகுதான் தன்னார்வலர்கள் களைத்துப்போவது குறைந்தது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். நான் இவ்வளவு புகழ்ந்த அந்த நான்காவது விடையையே மேன்டிஸ் தொடக்க மதிப்பாக வைத்திருக்கிறது. படிவத்தைத் திறந்தவுடன் "முயன்று பார்க்கவில்லை" என்பதே தேர்ந்தெடுக்கப்பட்டு நிற்கும். எனவே உண்மையாகவே முயலாதவரும், மூன்று முறை முயன்றுவிட்டு அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் கடந்தவரும், கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். நேர்மைக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகக் கவனக்குறைவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்தறிய நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்பதைத் தவிர்க்கத்தானே இந்தக் கருவி! அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் இந்தத் தொடக்க மதிப்பை மாற்றலாம் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். "எப்போதும்" என்று மாற்றிப் பார்த்தோம். அதன் பிறகு எங்கள் பதிவேட்டுக்கு வந்த எல்லா வழுக்களும் எப்போதும் நிகழ்பவையாகின. என் கணினியில் அவற்றுள் பாதி ஒருமுறைகூட நிகழவில்லை. பொய்யான உறுதியைவிட வெளிப்படையான அறியாமை மேல் என்று பழையபடியே திருப்பி வைத்தோம்.

நிகழச் செய்யும் படிகளை எழுதும் பெட்டியில் முன்கூட்டியே சில வரிகளை நிரப்பி வைக்கும் வசதியும் உண்டு. எந்தப் பதிப்பு, எந்த வாட் கோப்பு (டூமின் நிலைகளும் படங்களும் அடங்கிய தரவுக் கோப்பு), எந்த இணக்க நிலை (எந்தப் பழைய பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பு), டெமோ எங்கே என்ற கேள்விகளை அங்கே இட்டேன். சிலர் அவற்றுக்கு விடை எழுதுகிறார்கள். பலர் கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு, கீழே ஒரு வரி தள்ளி, "மூன்றாம் நிலையில் தொங்கிவிட்டது" என்று மட்டும் எழுதுகிறார்கள். டெமோவுக்கும் ஒரு வழி செய்தோம். புதிய ஆட்டம் தொடங்கும் கணத்திலிருந்தே எங்கள் போர்ட் பின்னணியில் தானாகப் பதிவு செய்துகொள்ளும். ஆனால் சேமித்த ஆட்டத்தைத் திறந்தவுடன் அந்தப் பதிவு அறுந்துவிடும், நம் சோதனையாளர்களோ சேமித்த ஆட்டத்தைத் திறக்காமல் பத்து நிமிடம் ஆடுவதில்லை. டெமோவுக்குப் பதிலாகத் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து இணைக்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். மேன்டிஸ் ஐந்து மெகாபைட் வரை ஏற்க ஆயத்தமாக இருந்தாலும், கோப்பு ஏற்றுவதற்குப் பிஎச்பியின் இயல்பான வரம்பு இரண்டு மெகாபைட் என்பதால் காணொளி கதவருகிலேயே நின்றுவிடும். எங்களுக்கு இடம் தரும் வழங்கி நிறுவனம் ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் நாங்கள் உயர்த்திய வரம்பை மறுபடியும் இரண்டுக்கே இறக்கிவிடுகிறது. அந்தக் குறையை மேன்டிஸின் தலையில் ஏற்றுவது முறையல்ல.

மேன்டிஸின் தலையில் ஏற்றத்தக்க நன்மை ஒன்றும் உண்டு. ஓர் அறிக்கையைக் கூடுதல் விவரம் வேண்டிக் காத்திருக்கும் நிலைக்கு மாற்றினால், அறிக்கை எழுதியவர் குறிப்பு சேர்த்த கணமே அது தானாக அதைக் கவனிப்பவரிடம் திரும்பிவிடுகிறது. நினைவூட்டல் எழுதி யாரையும் நச்சரிக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்பு மின்னஞ்சலுக்கே பதில் எழுதிவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பவர்களின் பதில் பதிவேட்டை வந்தடைவதில்லை, ஏனெனில் தனிச் செருகுநிரல் இல்லாமல் மேன்டிஸ் உள்வரும் அஞ்சலைப் படிக்காது. காத்திருக்கும் நிலையில் எங்களிடம் குவிந்து கிடப்பவற்றில் ஒரு பகுதி இந்த வகைதான் என்று சந்தேகிக்கிறேன்.

நண்பருக்கு நான் சொல்லும் விடை இதுவரை எழுதியதோடு ஒத்துப்போகாது: இப்போதைக்கு மேன்டிஸை நிறுவ வேண்டாம். அவருடைய விளையாட்டு தற்செயல் எண்களைக் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது. அதில் எந்த ஆட்டமும் மறுபடி அப்படியே நடக்காது. அந்த நிலையில் மறுபடி நிகழ்கிறதா என்று கேட்கும் பெட்டி, விடையே இல்லாத கேள்வியைத் தன்னார்வலர்களின் முன் நீட்டுவதாகவே இருக்கும். முதலில் தற்செயல் எண்களின் விதையை, அதாவது அவற்றின் வரிசை தொடங்கும் எண்ணை, சேமித்து, விசையழுத்தங்களைப் பதிவு செய்து, அதைத் திரும்ப ஓட்டும் வசதியை எழுதட்டும். அது இரண்டு வார இறுதிகளில் முடியக்கூடிய வேலை. அதுவரை ஐந்தாறு பேரின் அறிக்கைகளுக்கு ஒரு விரிதாள் போதும்.

நாங்கள் மேன்டிஸை விட்டு விலகப் போவதில்லை. பழைய அறிக்கைகள் அங்கே இருக்கின்றன, அவற்றோடு இணைத்த டெமோக்களும் அங்கே இருக்கின்றன. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. சென்ற மாதம் ஒரு சோதனையாளர் "முயன்றும் நிகழவில்லை" என்று தேர்ந்தெடுத்து, எப்படியெல்லாம் முயன்றார் என்பதை அரைப் பக்கத்துக்கு விவரித்திருந்தார். அன்று கேட்டிருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன். இந்த வாரம் வந்தவை அனைத்தும் "முயன்று பார்க்கவில்லை".