கருவி வாங்கிய காசை வரியில் எடுத்துத் தருவதாகச் சொன்னால் கவனம்

திருகோணமலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் எலக்ட்ரீசியன், மெக்கானிக், வெல்டர் எல்லோரும் இதை வாசித்துவிடுங்கள். எனக்குப் போனது 18,000 ரூபாய்.

நான் ஒரு நிறுவனத்தில் எலக்ட்ரீசியன். ஓவர்டைமோடு மாதம் 165,000 வரும். 2024/25 வரியாண்டில் அதிலிருந்து மாதாமாதம் 5,300 ரூபாய் வரியாகக் கழிந்தது. ஆனால் டிரில், கிளாம்ப் மீட்டர், குறடு எல்லாம் என் சொந்தக் காசு. மூன்று நான்கு வருடப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டினால் 210,000 வந்தது. வயிறு எரியாதா?

லண்டனில் தச்சு வேலை செய்யும் மச்சான், அங்கே கருவிகளுக்கு வரிச் சலுகை இருக்கிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தான். அது மனதில் கிடந்த நேரத்தில்தான் கூட வேலை செய்கிறவன் ஒருவன், கட்டிய வரியைத் திருப்பி எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஒரு ஆளிடம் கூட்டிப்போனான். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறை, மேசை நிறையக் கோப்புகள்.

"தம்பி, பில் எல்லாம் இருக்குத்தானே? ஒன்றரை இலட்சம் எடுத்துத் தரலாம்" என்றார். முதலில் 18,000, காசு வந்ததும் நூற்றுக்கு இருபது. என் டின் இலக்கம் (வரி செலுத்துபவருக்கான இலக்கம்), அடையாள அட்டைப் பிரதி, வரித் திணைக்களத்தின் இணையத்தளமான ரமிஸில் என் கணக்கின் பின் இலக்கம் எல்லாவற்றையும் கொடுத்தேன். கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு கேட்டதற்கு, "நான் எங்கே ஓடப்போறன்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தொகை எழுதாத பில் இரண்டு மூன்று ஹார்ட்வேர் கடையில் வாங்கிவரச் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றிரவே கணக்குப் போட்டிருந்தால் பிடிபட்டிருப்பார். அந்த வருடம் முழுக்க நான் கட்டிய வரியே 63,600தான். கட்டாத காசை யார் திருப்பித் தருவது? வரிச் சலுகை என்றால் கருவியின் விலை கைக்கு வருவதல்ல, வரி போடும் வருமானத்தில் அந்தத் தொகை குறைவது. 210,000 முழுவதையும் கழிக்க விட்டாலும், எனக்குப் பட்ட மேல் விகிதம் 12 வீதம் என்பதால் மிஞ்சுவது 25,200. மச்சானிடம் கேட்டேன். அவனுக்கு வருடத்துக்கு 140 பவுண் கழிக்கிறார்களாம். 20 வீத வரியில் அது 28 பவுண். "அதுக்கும் ஏஜென்ட் தேவையில்ல மச்சான், நாங்களே போடலாம்" என்றான்.

சரி, இலங்கையில் அந்த 25,200ஆவது கிடைக்குமா? இல்லை. 1944க்கு அடித்தேன், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் ஒரு அம்மா தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். நம் சட்டத்தில் வருமானம் ஈட்டச் செய்த செலவைக் கழிப்பது தொழில் நடத்துகிறவருக்கும் முதலீட்டு வருமானத்துக்கும்தான். சம்பளக்காரருக்கு ஆள்முறை நிவாரணம், அதாவது வரி போடாமல் விடும் ஒரு தொகை, இருக்கிறது, கருவிச் செலவுக்கு இடமில்லை. சொந்த வேர்க்ஷொப் வைத்திருப்பவர் கருவியின் விலையை ஐந்து வருடத்துக்குப் பிரித்துக் கழிக்கலாம், அது வேறு கதை.

அப்புறம் ரமிஸைத் திறந்து பார்த்தால், எனக்கே தெரியாமல் நான் ஒரு மின்திருத்தக் கடை முதலாளி! நட்டத்தில் ஓடும் கடையாம். அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழித்துக் காட்டியிருந்தார். தொழில் நட்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்கவே முடியாதாம், பொய்யைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத மனிதர். ஆனால் விண்ணப்பம் போனது என் பெயரில். விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

உடனே பின் இலக்கத்தை மாற்றினேன். நிறுவனத்திடம் வரிக் கழிப்புச் சான்றிதழான டி-10ஐ வாங்கித் திருத்திய விபரத்திரட்டைக் கொடுத்தேன். இரண்டு நாள் லீவு போனது. அந்த ஆள் முதலில் "பார்ப்பம் தம்பி" என்றார், பிறகு போனை எடுப்பதே இல்லை.

இதில் எரிச்சல் என்னவென்றால், 2025 ஏப்ரலில் அந்த ஆள்முறை நிவாரணம் வருடத்துக்கு 18 இலட்சமாக உயர்ந்ததும் என் வரி மாதம் 900 ரூபாயாகத் தானாகவே குறைந்துவிட்டது. அவரைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான்.

கருவிக் காசுக்கு ஏதாவது வழி இருந்தால் அது முதலாளியிடம்தான். வேலைக்கான கருவியை நிறுவனமே வாங்கித் தரலாம், அல்லது பற்றுச்சீட்டைப் பார்த்துக் காசைத் தரலாம். புது மீட்டருக்கான பில்லை நிறுவனத்தின் பெயரில் எழுதி வாங்கிப் போன கிழமை கணக்குப் பகுதியில் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

நேற்று அந்த அறையைத் தாண்டி வந்தேன். கையில் பில் கட்டோடு இரண்டு பொடியன்கள் வாசலில் நின்றார்கள்.