துருவக் கப்பல் ஏறுமுன் வாங்கும் மருத்துவச் சேவைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

அண்டார்க்டிகா, ஸ்வால்பார்ட், கிரீன்லாந்து என்று போகும் எக்ஸ்பெடிஷன் (ஆய்வுப் பயணப் பாணிச் சுற்றுலா) கப்பல்களில் இடம் பிடித்த மறுநாளே இன்னொரு கடைத்தெரு திறந்துகொள்கிறது. படிவம் நிரப்பித் தரும் டிராவல் கிளினிக், வீடியோவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க எடுக்கும் கோவிட் ஆன்டிஜென் கிட், ஒரே நாளில் பிசிஆர் தரும் லேப், மருத்துவ வெளியேற்றக் காப்பீடு (நோயாளியை நடுவழியிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் செலவுக்கு), விசா ஏஜென்ட். எல்லாரும் "கப்பலுக்கு வேண்டியது அனைத்தும்" என்றுதான் விற்கிறார்கள். ஆனால் ஊசியிலும் சோதனையிலும் தப்பு நடப்பது குறைவு. தாளில்தான் நடக்கிறது: பெயரில் ஓர் எழுத்து, நேரத்தில் சில மணி, விடுபட்ட ஒரு சீல். அதனால் இங்கே ஒவ்வொரு சேவையையும் அது கையில் தரும் தாளை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

மருத்துவப் படிவம்: டிராவல் கிளினிக்குக்கு மதிப்பெண் குறைவு

பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மருத்துவக் கேள்வித்தாளை அனுப்பிவிடும். வயதைப் பொறுத்தும் நோயைப் பொறுத்தும் மருத்துவர் கையெழுத்தும் கேட்கும். இதைக் கட்டணம் வாங்கி நிரப்பித் தரும் கிளினிக்குகளின் கோளாறு, அவை உங்களை முதல் முறையாகப் பார்க்கின்றன என்பது. ரத்த அழுத்தம் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து, "பயணத்துக்குத் தகுதியானவர்" என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கப்பல் மருத்துவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. கேள்விகளோடு படிவம் திரும்பி வரும், இரண்டு வாரம் போய்விடும்.

கப்பல் மருத்துவர் எதைத் தேடுகிறார் என்று புரிந்தால் படிவம் எளிது. கப்பலில் இருப்பது ஒரு சின்ன மருத்துவ அறை: ஆக்சிஜன், ஈசிஜி, டீஃபிப்ரிலேட்டர், சில ரத்தப் பரிசோதனைகள். அறுவை சிகிச்சை கிடையாது, ரத்த வங்கி கிடையாது. அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் கப்பல் கிங் ஜார்ஜ் தீவை நோக்கித் திரும்ப வேண்டும். அங்கிருந்து விமானத்தில் சிலியின் புன்டா அரேனாஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மூடுபனி என்றால் விமானம் வராது. கடல்வழி என்றால் டிரேக் நீரிணையைக் கடக்கவே இரண்டு நாள். "இவர் உடல்நிலை எத்தனை மாதமாக ஒரே சீராக இருக்கிறது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

ஆகவே உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். நோயின் பெயர், கண்டறிந்த ஆண்டு, கடைசியாக மருந்தளவு மாறிய தேதி, கடைசியாக மருத்துவமனையில் சேர்ந்த தேதி. ஸ்டென்ட் வைத்தவருக்கு வைத்த தேதியும் சமீபத்திய எக்கோ முடிவும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு). சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கூடவே தாழ்சர்க்கரையால் மயங்கியது உண்டா என்ற பதில். மருந்துகளை வேதிப் பெயரில் எழுதச் சொல்லுங்கள். கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும், கப்பல் மருத்துவருக்கு அது எதையும் சொல்லாது.

உடல் வலுவைப் பற்றிய கேள்வியைத்தான் பலரும் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்கிறார்கள். ஸோடியாக் எனும் ரப்பர் படகில் இறங்குவது எப்படியென்றால்: கப்பல் பக்கவாட்டில் தொங்கும் கேங்வே ஏணியில் இறங்கி, அலையில் ஏறி இறங்கும் படகைப் பார்த்து நின்று, படகோட்டி நீட்டும் கையை மணிக்கட்டுக்கு மேலே பிடித்து (விரல் பிடி வழுக்கும்), படகின் காற்றடைத்த விளிம்பில் ஒரு கால், தளத்தில் மறு கால், உடனே உட்கார வேண்டும். தாழ்ந்த முக்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாதவருக்கு இது சிரமம். அதைப் படிவத்தில் சொன்னால் உதவிக்கு ஆள் வைப்பார்கள். மறைத்தால் ஏணியின் நடுவில் தெரியவரும்.

தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி பயன்படுத்துகிறவர்கள் முன்கூட்டியே எழுத வேண்டும். அதற்கான காய்ச்சி வடித்த நீர், எக்ஸ்டென்ஷன் ஒயர் இரண்டையும் கப்பலிலேயே கேளுங்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள பிளக் பட்டையை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். கப்பலின் மின்னமைப்பு வேறு வகை, அது தீப்பிடிக்கக்கூடும் என்பதால் பல கப்பல்களில் பறிமுதல் செய்துவிடுவார்கள். வழக்கமான மாத்திரைகள் பயண நாட்களுக்கு மேல் குறைந்தது ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில்.

டிராவல் கிளினிக்குகளில் வாங்கத் தகுந்த ஒன்று உண்டு: கடல் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் மருந்துப் பட்டை. கடல் கொந்தளிக்குமுன், சுமார் நான்கு மணி நேரம் முந்தி ஒட்ட வேண்டும். மூன்று நாள் வேலை செய்யும். குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவருக்கு ஆகாது. புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். கப்பலில் அது பக்கவாதமோ என்ற பீதியைக் கிளப்பும்.

கோவிட் சோதனை: கடிகாரத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்

அரசுகள் இதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டன. அமெரிக்கா விமானப் பயணிகளுக்கான முன்சோதனையை 2022 ஜூன் 12-இல் நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை 2023 மே 5-இல் முடித்தது. ஆனால் கப்பல் நிறுவனம் தன் விதியைத் தானே வைத்துக்கொள்ளலாம், பயணத்துக்குப் பயணம் மாற்றவும் செய்யலாம். சின்னக் கப்பல்காரர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து கிளம்பிய கிரெக் மார்ட்டிமர் கப்பலில் ஏறிய எல்லாருக்கும் வெப்பநிலை பார்த்திருந்தார்கள். முதல் காய்ச்சல் எட்டாம் நாள் வந்தது. பிறகு சோதித்த 217 பேரில் 128 பேருக்குத் தொற்று. அவர்களில் 81 சதவீதம் பேருக்கு அறிகுறியே இல்லை. வெப்பமானியும் கேள்வித்தாளும் போதாது என்று அந்தக் கப்பல் காட்டியது.

உங்கள் பயணத்துக்கு விதி இருந்தால், முதலில் படிக்க வேண்டியது "72 மணி நேரம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ளதை. எதிலிருந்து எதுவரை? மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, அறிக்கை வந்த நேரத்திலிருந்தா? முதல் விமானம் கிளம்பும் வரையா, கப்பலில் கால் வைக்கும் வரையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உஷுவாயாவில் ஞாயிறு மாலை 4 மணிக்குக் கப்பல் ஏற வேண்டும்; மாதிரி அதற்கு 72 மணிக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அங்கே வியாழன் மாலை 4 மணிக்குப் பிறகு எடுத்தால் சரி. நீங்கள் இருக்கும் ஊரின் கடிகாரம் உஷுவாயாவை விட எட்டரை மணி முந்தி ஓடுகிறது என்றால், அது உங்களுக்கு வெள்ளி அதிகாலை 12:30. வியாழன் சாயங்காலம் லேபில் கொடுத்த மாதிரி, காலண்டரில் மூன்று நாள்தான் என்றாலும், செல்லாது. ஒருநாள் முந்தியே துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்ற நல்ல புத்தியோடு வியாழன் இரவே விமானம் ஏறுகிறவருக்கு ஊரில் எடுக்கும் எந்தச் சோதனையும் உதவாது. வழியில், புவெனஸ் ஐரஸில் எடுக்க வேண்டியதுதான். இதைச் சொல்லாமலே "பயணப் பேக்கேஜ்" விற்கும் லேப்கள் ஏராளம்.

பிசிஆரா, ஆன்டிஜெனா? இரண்டும் ஏற்கப்படும் என்றால் ஆன்டிஜென். பிசிஆர் பழைய தொற்றின் எச்சத்தையும் வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கும். கடந்த மூன்று மாதத்தில் கோவிட் வந்தவர் பிசிஆருக்குப் போவது வேலியில் போகும் ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதுதான். பிசிஆர்தான் வேண்டும் என்று நிறுவனம் பிடிவாதம் பிடித்தால், முன்பு பாசிட்டிவ் வந்த தேதி தெளிவாக உள்ள அறிக்கையும் குணமடைந்ததற்கான மருத்துவர் கடிதமும் ஏற்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீடியோ மேற்பார்வைக் கிட்: நல்ல பொருள், இரண்டாக வாங்குங்கள். முடிவு செல்லாமல் போகும் வழிகள் இவை. குளிரில் கிடந்த கிட்டை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் பிரிப்பது. சொன்னதைவிடக் குறைவாகத் துளி விடுவது. அப்போது சோதனை வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராது, சோதனை செல்லாது. குறித்த 15 நிமிடத்தில் பார்க்காமல் அரைமணி கழித்துப் பார்ப்பது. உலர்ந்த பட்டையில் மங்கலாக ஒரு பொய்க்கோடு தெரியலாம். இவை எல்லாவற்றையும்விட அதிகம் கழுத்தறுப்பது ஹோட்டல் வைஃபை. பாஸ்போர்ட், கிட்டின் க்யூஆர் குறியீடு, மூக்கில் குச்சி சுழல்வது, காத்திருக்கும் நிமிடங்கள் எல்லாம் கேமராவில் தெரிந்தாக வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தக் கிட் அவ்வளவுதான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் லேபை விட்டு நகர்வதற்கு முன் ஐந்தைப் பாருங்கள்: பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் இருப்பது போலவே பெயர் (அங்கே விரித்து எழுதியிருக்க, இங்கே இனிஷியல் என்றால் திருத்தச் சொல்லுங்கள்), பாஸ்போர்ட் எண், மாதிரி எடுத்த தேதியும் மணியும், சோதனை வகை, லேபின் பெயர். பல அறிக்கைகளில் மாதிரி எடுத்த மணி இருக்காது. அறிக்கை அச்சான மணிதான் இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் அட்டை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான சான்று இது. துருவத்துக்கு எதற்கு என்று தோன்றும். போகும் வழிக்கும் திரும்பும் வழிக்கும்தான். பிரேசிலில் நான்கு நாள் சுற்றிவிட்டுக் கப்பல் ஏறுகிறவரைத் திரும்பி வரும்போது சொந்த நாட்டு விமான நிலையத்தில் அட்டை கேட்டு நிறுத்தலாம். நோய் வெளிப்பட ஆறு நாள் ஆகலாம் என்பதால் தனிமைப்படுத்தலும் ஆறு நாள் வரை. மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரம் போகும் எக்ஸ்பெடிஷன் கப்பல்களுக்கோ இது நுழைவு விதியே. கானா போன்ற நாடுகள் எல்லாப் பயணிகளிடமும் கேட்கின்றன.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும். பத்தாண்டு முடிந்துவிட்டது, மறுபடி போட வேண்டும் என்று சொல்லும் கிளினிக்கை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டும் போடுங்கள்: தடுப்பூசியின் பேட்ச் எண், கையெழுத்து, மையத்தின் அதிகாரபூர்வ சீல் மூன்றும் இல்லாவிட்டால் அது வெறும் மஞ்சள் தாள். இது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி. 60 வயது கடந்தவர், எதிர்ப்புசக்தி குறைந்தவர், முட்டை ஒவ்வாமை உள்ளவர், தைமஸ் கோளாறு உள்ளவர் மருத்துவரோடு பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. போட முடியாதவருக்கு அதே அட்டையில் விலக்குப் பக்கம் உண்டு.

வெளியேற்றக் காப்பீடு: பெரிய எழுத்தை நம்பாதீர்கள்

கப்பல் நிறுவனங்கள் குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயித்து ஆதாரம் கேட்கும். தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிக்கல் அதில் இல்லை. "உலகம் முழுவதும்" என்று முகப்பில் போட்டிருக்கும் பாலிசி, உள்ளே 60 டிகிரி தென் அட்சரேகைக்குக் கீழே செல்லாது என்று சொல்லியிருக்கலாம். "எக்ஸ்பெடிஷன்" என்ற சொல்லை மலையேற்றத்தோடு சேர்த்து விலக்கியிருக்கலாம். மருத்துவச் செலவு, அவசர வெளியேற்றம், ஊருக்குக் கொண்டுவருவது மூன்றும் தனித்தனித் தொகைகள். கப்பல் கேட்பது இரண்டாவதை. அண்டார்க்டிகா என்று பெயர் சொல்லி, தொகையை எண்ணில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் தரும் நிறுவனமே வாங்கத் தகுந்தது. கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீடு அந்தக் கடிதத்தைத் தருவது அபூர்வம்.

இன்னொன்று: சோதனை பாசிட்டிவ் ஆகிக் கப்பலில் ஏற்ற மறுத்தால் பணம் திரும்புமா? பயண ரத்துப் பிரிவில் அது தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் பாலிசி எடுக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதிக்கின்றன.

விசா ஏஜென்ட்: இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்

ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்பார் ஏஜென்ட், உண்மைதான். ஆனால் அது நார்வேயைச் சேர்ந்தாலும் ஷெங்கனில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில்) இல்லை. அதனால் ஒஸ்லோ வழியாகப் போகிறவர் ஷெங்கனுக்குள் நுழைந்து, வெளியேறி, மறுபடி நுழைகிறார். ஒற்றை நுழைவு விசா என்றால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். "டபுள் என்ட்ரி கேட்டீர்களா?" என்பது முதல் கேள்வி. கிரீன்லாந்து டென்மார்க்கைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கனில் இல்லை. விசாவில் கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று தனியே குறித்திருக்க வேண்டும். "அது இருக்கிறதா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தயங்கும் ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணம் கூரியர் செலவுதான். அர்ஜென்டினா வழியாக அண்டார்க்டிகா போகிறவரும் பலமுறை நுழைவு விசா கேட்பதே நல்லது. பாஸ்போர்ட் பயணம் முடிந்தும் ஆறு மாதம் செல்ல வேண்டும்.

கடைசிச் சோதனை, உங்கள் உடைக்கு

வாடகைக்குக் கிடைக்கும் துருவ உடைகளும் பூட்ஸும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் முந்தைய வாடிக்கையாளரின் புல்விதையும் சேர்ந்து வரும். தெற்கு ஜார்ஜியாவுக்குப் போகும் கப்பல்களில் இது சம்பிரதாயம் அல்ல: இறங்குமுன் வெல்க்ரோ, பை மூலை, பூட்ஸின் அடிப்பள்ளங்கள், கேமரா முக்காலியின் கால் வரை பார்ப்பார்கள், வெளியிலிருந்து விதையோ கிருமியோ கொண்டுவரவில்லை என்ற உயிர்ப்பாதுகாப்பு உறுதிமொழியில் கையெழுத்தும் வாங்குவார்கள். 2023 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் அந்தத் தீவுகளை எட்டிய பிறகு பிடி இறுகியிருக்கிறது. தரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, பையை வைக்கவும் கூடாது. பூட்ஸை விர்கான் எனும் கிருமிநாசினிக் கரைசலில் நனைப்பதைக் கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெல்க்ரோவின் கொக்கிகளுக்கு நடுவே சிக்கிய விதையைத் தூரிகை எடுக்காது, வேக்குவம் கிளீனரும் எடுக்காது. கூர்நுனி ட்வீசரும் கைவிளக்கும் வேண்டும். வாடகை உடை கைக்கு வந்த அன்றே அந்த வேலையை முடித்துவிட்டு, உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.