நாக்கு நரம்புத் தூண்டல் கருவியோடு நான்கு ஆண்டுகள்

வலப் பக்க நெஞ்சில், காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, தீப்பெட்டி அளவில் தட்டையாக ஒரு மேடு. தொட்டால் தெரியும், சட்டை போட்டால் தெரியாது. தூக்கத்தில் மூச்சடைக்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக எனக்குள் வைத்த கருவி அது. நான்கு ஆண்டு முடிந்துவிட்டது. இதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு எனக்குரிய மின்தூண்டல் அளவைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. சிகிச்சை என்று நான் சொல்வது அந்த எட்டு மாதத்தைத்தான். அதை யாரும் எனக்கு முன்கூட்டி விளக்கவில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நோயின் கதை. என் குறட்டை வீட்டுக்குப் பழகிப்போன ஒன்று. குறட்டை நின்றுபோகும் இடங்கள்தான் என் மனைவியைப் பயமுறுத்தின. சத்தம் அறுந்து, நெஞ்சு மட்டும் ஏறி இறங்க, காற்று உள்ளே போகாது. "என்னங்க, மூச்சு விடுங்க" என்று தோளைப் பிடித்து உலுக்குவாள். பல வருஷம் என் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டேதான் தூங்கினாள். ஸ்லீப் ஸ்டடி செய்தபோது ஏஹெச்ஐ 41 என்று வந்தது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை என்பதுதான் அந்த எண். ஐந்துக்குக் கீழே இருந்தால் சாதாரணம், முப்பதைத் தாண்டினால் தீவிரம்.

சிபாப் கொடுத்தார்கள், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சு வழியைத் திறந்தே வைக்கும் இயந்திரம். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்ட முறை, இன்றைக்கும் முதல் சிகிச்சை அதுதான். போட்டுக்கொண்டு தூங்கிய நேரத்தில் என் எண் மூன்றுக்கு இறங்கியது. ஆனால் என்னால் இரவு இரண்டு மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. மாஸ்க்கைத் தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருப்பேன். மூன்று வகை மாஸ்க், ஈரப்பதம், அழுத்த மாற்றம் எல்லாம் ஒன்றரை வருஷம் பார்த்தோம். சிபாப் ஒத்துக்கொள்கிறவர்கள் தயவுசெய்து அதையே தொடருங்கள். நான் எழுதுவது அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக.

கருவி செய்யும் வேலை இதுதான். தூங்கும்போது நாக்குத் தசை தளர்ந்து பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. நாக்கை அசைக்கும் பன்னிரண்டாவது மண்டை நரம்புக்கு ஒவ்வொரு மூச்சு இழுப்பின்போதும் சிறு மின்தூண்டல் கொடுத்தால் நாக்கு முன்னால் வந்து வழி திறக்கிறது. இது எல்லோருக்கும் பொருந்தாது. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகச் சிறு கேமராவை இறக்கி, அடைப்பு எப்படி விழுகிறது என்று பார்க்கிறார்கள். அண்ணத்தின் பின்புறம் முன்னும் பின்னுமாக மூடினால் வாய்ப்பு உண்டு. சுருக்குப் பை இழுத்ததுபோல் நாலாபுறமும் சேர்ந்து மூடினால் பலன் குறைவு என்பதால் பொதுவாக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். உடல் எடையையும் கணக்கில் எடுப்பார்கள். என் தொண்டை மூடித் திறக்கும் வீடியோவை டாக்டர் காட்டினார். மனைவி இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாடைக்குக் கீழே ஒரு கீறல், நெஞ்சில் ஒன்று. மூச்சை உணரும் வயர் விலா எலும்புகளுக்கு இடையே போகிறது. மறுநாள் வீடு. சில நாள் விழுங்கும்போது வலித்தது, நாக்கு ஒரு பக்கம் கனத்தது, சில வாரம் வலக் கையை உயர்த்திக் கனம் தூக்கவில்லை. அவ்வளவுதான். காயம் ஆறட்டும் என்று ஒரு மாதம் கருவியை அணைத்தே வைத்திருந்தார்கள். அந்த மாதம் பழைய குறட்டை அப்படியே இருந்தது. வீட்டில் எல்லோரும் பதறிவிட்டோம். அது எதிர்பார்த்ததுதான் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

முதல் முறை இயக்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. வோல்ட்டைப் பத்தில் ஒரு பங்காக ஏற்றிக்கொண்டே போனார்கள். முதலில் நாக்கின் அடியில் மெல்லிய துடிப்பு. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் நான் ஒன்றும் செய்யாமலே நாக்கு எழுந்து கீழ்ப்பல்லைத் தாண்டி வெளியே வந்து நின்றது. வலி இல்லை. என் நாக்கை வேறு யாரோ நகர்த்துவதுபோல் இருந்தது. அதுதான் ஆரம்ப அளவு. அதிலிருந்து வாரத்துக்கு ஒரு படி ரிமோட்டில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

அங்கேதான் தவறு நடந்தது. ஏற்ற ஏற்ற நல்லது என்று நான் நம்பினேன். தொடர் பரிசோதனைக்குப் போன இடத்திலும் "குறட்டை இருக்கிறதா, இன்னும் ஒரு படி ஏற்றுங்கள்" என்றுதான் சொன்னார்கள். நான்காவது மாதம் கிட்டத்தட்ட உச்சப் படியில் இருந்தேன். நாக்கின் அடிப்புறம் கீழ்ப்பல் விளிம்பில் உராய்ந்து புண்ணாகி, சாப்பிட உட்கார்ந்தால் எரிச்சல். இரவில் நாலைந்து தடவை விழிப்பு. பகலில் ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட அதிக அசதி. பணம், காயம், இத்தனை பேருடைய நம்பிக்கை எல்லாம் வீண் என்று அப்போது மனம் உடைந்துபோனேன்.

ஆறாவது மாதம் இன்னொரு டாக்டர் கருவியை இயக்கியபடியே முழு இரவு ஸ்லீப் ஸ்டடி செய்தார். ஏஹெச்ஐ 24. பதிவைத் திரையில் காட்டி விளக்கினார்: வழி திறந்துதான் இருக்கிறது, ஆனால் தூண்டல் பலமாக இருப்பதால் மூளை அடிக்கடி விழித்துக்கொள்கிறது, விழித்து மறுபடி தூங்கும் அந்த இடைவெளியில் மூச்சு தடுமாறுகிறது. அளவை ஆறு படி குறைத்தார். நரம்பைச் சுற்றியுள்ள மின்முனைகளில் எது நேர், எது எதிர் என்ற அமைப்பையும் மாற்றினார், அதனால் குறைந்த வோல்ட்டிலேயே நாக்கு நேராக முன்னால் வந்தது. பல் டாக்டர் கூர்மையான விளிம்பைத் தேய்த்து, இரவுக்கு ஒரு மெல்லிய பல் உறையும் கொடுத்தார். பத்து நாளில் புண் ஆறியது. எட்டாவது மாதம் மறுபடி பார்த்தபோது ஏஹெச்ஐ 9. உங்களுக்கும் அளவு ஏறிக்கொண்டே போய்த் தூக்கம் கெட்டால், அடுத்த படிக்குப் போகும் முன் கருவியோடு ஒரு முழு இரவுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அன்றாடம் எப்படி என்றால், படுக்கும்போது ரிமோட்டை நெஞ்சில் வைத்துப் பொத்தானை அழுத்துவேன். தூங்குவதற்கு அவகாசமாக அரை மணி நேரம் கழித்துத்தான் தூண்டல் தொடங்கும். நடுவில் எழுந்தால் சற்று நிறுத்தி வைக்க ஒரு பொத்தான். நிறுத்தாமல் பேசினால் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் நாக்கு முன்னால் போய் வார்த்தை குழறும். ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்று ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஒருமுறை வெளியூர் போனபோது ரிமோட்டையே மறந்துவிட்டேன். இரண்டு இரவு கருவி இல்லை. முதல் இரவே பழைய குறட்டை, காலையில் பழைய தலைவலி. இந்த வகையில் முதல் கருவிக்கு 2014இல், அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 126 பேர் இருந்தார்கள். ஒரு வருஷத்தில் ஏஹெச்ஐயின் இடைநிலை மதிப்பு 29.3இலிருந்து 9க்கு வந்தது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு நல்ல பலன். பலன் கிடைத்தவர்களில் சிலருக்கு ஒரு வாரம் கருவியை அணைத்து வைத்தபோது எண் மறுபடி ஏறிவிட்டது. என் இரண்டு இரவும் அதேதான். இது நோயைக் குணமாக்குவதில்லை, கருவி ஓடும் இரவில் மட்டும் தடுக்கிறது. அந்த மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் கிடைக்கவில்லை என்பதையும் முடிவெடுக்கும் முன் நிதானமாக யோசியுங்கள்.

எனக்கும் மல்லாந்து படுத்தால் எண் கூடுகிறது, ஒருக்களித்தே படுக்கிறேன். போன வருஷம் எடை ஆறு கிலோ ஏறியபோது குறட்டையும் திரும்பியது. எடை இறங்கியதும் அடங்கியது, படி ஏற்றவில்லை. மனைவி தன் கையைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறாள்.

இரண்டு விஷயம் கடைசியாக. எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உள்ளே கருவி இருப்பதை முதலில் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டுங்கள். எந்த மாடல் என்பதைப் பொறுத்து விதி மாறும். அப்புறம் பேட்டரி. என்னுடையது பத்துப் பதினோரு வருஷம் வரும் என்கிறார்கள், தீர்ந்தால் நெஞ்சைத் திறந்து கருவியை மாற்ற வேண்டும். அதற்குள் வாய்ப்புகள் கூடிவிட்டன. மூச்சை உணரும் வயர் தனியாகத் தேவைப்படாத தலைமுறைக்கு 2024இல் எஃப்டிஏ ஒப்புதல் கிடைத்தது. உடலுக்குள் பேட்டரியே இல்லாமல், தாடைக்குக் கீழே இரவில் ஒட்டிக்கொள்ளும் பட்டையால் இயங்கும் ஜெனியோ என்ற இன்னொரு கருவிக்கு 2025இல் கிடைத்தது. என் முறை வரும்போது எதை வைத்தாலும், முழு இரவுப் பரிசோதனைக்கான தேதியை ஆபரேஷன் தேதியோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன்.