ஸ்பைக்கா கிராம்பொன்னா, கம்பா கோடாலியா: குளிர்கால மலைக்குப் போகிற மருமகனுக்கு

அக்காவின் மகன் தை மாதம் கிளாஸ்கோவுக்கு மேற்படிப்புக்குப் போகிறான். அவனுக்கு முன்னால் போயிருக்கிற நம்மூர்ப் பொடியன்கள் அங்கே ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மாசியில் ஒரு சனிக்கிழமை ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலை ஏறுவதாக அதில் இப்பவே பேச்சு ஓடுகிறது. போன கிழமை உவர்மலை வீட்டு விறாந்தையில், வெளியே மாரி மழை கொட்டிக்கொண்டிருக்க, போனை நீட்டிக் கேட்டான்: "மாமா, இந்த மைக்ரோஸ்பைக் கிராம்பொன்னில பாதி விலைகூட இல்ல. சப்பாத்துக்கு மேல ரப்பரை இழுத்து மாட்டினாச் சரியாம். இது போதும்தானே?"

நான் அபர்டீனில் ஒன்பது குளிர்காலம் இருந்தவன். லீவு கிடைத்த நாளெல்லாம் மலைதான். மைக்ரோஸ்பைக், கிராம்பொன் இரண்டுமே பனியில் வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற பற்கள். இரண்டையும் போட்டு நடந்திருக்கிறேன், ஒன்றைப் போடக்கூடாத இடத்தில் போட்டு வழுக்கியும் இருக்கிறேன். அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் குழுவில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் இதே கேள்வியோடுதான் இருப்பார்கள்.

கோணேசர் கோயிலுக்கு மழை நாளில் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். ஏறுகிற பாதையில் ஈரக்கல் வழுக்கினால் முழங்கால் சிராயும், உடுப்பு நனையும், எழும்பி நடப்போம். அதே கல், அதே ஈரம், ஆனால் இராவணன் வெட்டின் விளிம்பு என்றால்? கீழே கடல். வழுக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். குளிர்காலச் சாமான் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு வழுக்கும்" என்று கேட்கிறார்கள். "வழுக்கினால் எங்கே போய் நிற்பேன்" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வந்துவிடும்.

மைக்ரோஸ்பைக் என்பது ரப்பர் வளையம், அதிலே சங்கிலி, சங்கிலியில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் பற்கள். சாதாரண நடைச் சப்பாத்துக்கே மாட்டலாம், அரை நிமிட வேலை. உறைந்து கண்ணாடி போலக் கிடக்கிற காட்டுப் பாதை, ஏரிக்கரை, கிளாஸ்கோ நடைபாதை, இதுக்கெல்லாம் அருமையான சாமான், கிராம்பொன்னை விட நல்லது என்றே சொல்வேன். கிராம்பொன் அப்படியல்ல. இரும்புச் சட்டம், 10 அல்லது 12 நீளமான பற்கள், அதில் இரண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். செங்குத்தான உறைபனியில் அந்த முன்பற்களை உதைத்து இறக்கி ஏறலாம். பட்டியை இறுக்கிக் கட்டினால் சப்பாத்தும் சட்டமும் ஒரே துண்டாகிவிடும். வித்தியாசம் பல்லின் நீளத்தில் இருப்பதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் இந்த இறுக்கம்தான்.

அதை அவனுக்குக் காட்டவே விரும்பினேன். என் பழைய பெட்டிக்குள் இரண்டும் கிடந்தன. தெரிந்த படகுக்காரர் ஒருவரின் மீன்வாடிக்குப் போய், அரைக்கிறதுக்கு வைத்திருந்த முழு ஐஸ் கட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, சாக்கு விரித்துத் தரையில் கிடத்தினோம். முதலில் ஸ்பைக். தட்டையாகக் கிடந்த கட்டியில் நின்றான், ஆடவில்லை, "பாத்தீங்களா மாமா" என்றான். பிறகு கட்டியின் ஒரு பக்கத்துக்குக் கீழே பலகைத் துண்டுகளை அடுக்கிச் சரித்து, குறுக்காக நிற்கச் சொன்னேன், என் தோளைப் பிடித்தபடி. பற்கள் ஐஸில் வெள்ளைக் கோடு கிழித்ததைத்தான் முதலில் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் ஒரு பக்கம் இழுபட, சப்பாத்து அந்த வளையத்துக்குள்ளேயே பக்கவாட்டில் நழுவிப் பாதி வெளியே வந்துவிட்டது. பற்கள் பிடித்துக்கொண்டுதான் இருந்தன, கால்தான் அவற்றின் மேலே இல்லை. அதே சரிவில் கிராம்பொன்னைக் கட்டி மிதித்தபோது "கறக்" என்று ஒரு சத்தம், ஐஸ் பொருக்குத் தெறித்தது, கால் ஆணி அடித்தது போல நின்றது. வாடியில் மீன் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

கெயன்கோர்ம் மலையில் எனக்கு நடந்ததும் இதுதான். ஏறும்போது பனி மெத்தென்று இருந்தது, ஸ்பைக் தாராளமாகப் போதுமாயிருந்தது. பின்னேரம் இறங்கும்போது அதே பனி இறுகிவிட்டது. சரிவைக் குறுக்கே கடக்கையில் இடது கால் வளையத்துக்குள் திரும்பியது, அடுத்த கணம் முதுகில் சறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே பனி சேர்ந்து கிடந்த பள்ளம் ஒன்று என்னை நிறுத்தியது, கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அந்தப் பள்ளம் இருந்த இடத்தில் பாறை இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

ஆனால் கிராம்பொன்னுக்கும் அதன் தொல்லைகள் உண்டு. முதலாவது சப்பாத்து. அங்கே சப்பாத்துகளை பி0 முதல் பி3 வரையும் கிராம்பொன்களை சி1 முதல் சி3 வரையும் தரம் பிரிப்பார்கள். பி0 என்பது வளைந்து கொடுக்கிற சாதாரண நடைச் சப்பாத்து, அதற்குக் கிராம்பொன் கட்டவே கூடாது. அடிப்பாகம் விறைப்பான பி1க்கு சி1, பி2க்கு சி2 வரை. ஆகக் கிராம்பொன் வாங்கினால் சப்பாத்தும் மாற்ற வேண்டிவரும், செலவு அங்கேதான் ஏறுகிறது. இரண்டாவது, பழக்கம் இல்லாதவன் முன்பல்லைத் தன் காற்சட்டையிலேயே கொழுவி விழுவான், கால்களைக் கொஞ்சம் அகட்டி நடக்கப் பழக வேண்டும். ஈரப்பனி அடியில் உருண்டையாக ஒட்டும், அதைத் தடுக்கிற அடித்தகடு இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். அப்புறம், எப்போது போடுவது என்பது. வழுக்கத் தொடங்கிய பிறகு சரிவில் ஒற்றைக் காலில் நின்று கட்ட முடியாது. தட்டையான இடத்தில், தேவைக்கு முன்னாலேயே கட்டிவிட வேண்டும்.

ஒரு மாணவனுக்கு என் பரிந்துரை: ஸ்பைக்கை வாங்கு, கிராம்பொன்னை வாடகைக்கு எடு. பென் நெவிஸ் அடிவாரத்து ஃபோர்ட் வில்லியத்திலும் கெயன்கோர்ம் பக்கத்து அவிமோரிலும் சப்பாத்து, கிராம்பொன், ஐஸ் கோடாலி மூன்றையும் நாள் வாடகைக்குத் தருகிற கடைகள் உண்டு. சப்பாத்துக்குப் பொருந்துகிறதா என்று அவர்களே கட்டிப் பார்த்துத் தருவார்கள்.

அடுத்தது நடைக்கம்பும் ஐஸ் கோடாலியும். கம்பு விழாமல் இருக்க உதவும், முழங்காலுக்குச் சுகம், ஆற்றைக் கடக்கவும் நல்லது. விழுந்த பிறகு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. கோடாலி விழுந்தவனை நிறுத்துவதற்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. மேட்டுப் பக்கத்துக் கையில், கூர் அலகு பின்னோக்கி இருக்கப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சறுக்கினால் உடனே குப்புறப் புரண்டு, அலகைத் தோளோரம் வைத்து, நெஞ்சுப் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டு அழுத்த வேண்டும். கிராம்பொன் கட்டியிருந்தால் பாதங்களை மேலே தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் பனியில் கொழுவி ஆளைத் தலைகீழாகப் புரட்டிவிடும். எல்லாம் முதல் ஓரிரு செக்கனுக்குள் நடக்க வேண்டும், ஏனென்றால் இறுகிய பனியில் வேகம் அவ்வளவு சீக்கிரம் கூடும். வீடியோ பார்த்து இது வராது. கீழே தட்டையாக முடிகிற, பாறை இல்லாத ஒரு சிறிய சரிவில், கிராம்பொன் கட்டாமல், முதுகில் விழுந்து, தலைகீழாக விழுந்து, இருபது முப்பது தரம் செய்து பார்க்க வேண்டும். பழகாதவன் கையில் இருக்கிற கோடாலி கூரான இரும்புதான், அவ்வளவே.

அதனால் கோடாலியா கம்பா என்றால் இரண்டும் என்பேன், வெவ்வேறு நேரத்துக்கு. காட்டுப் பாதையில் கம்பு, சரிவு தொடங்குமுன் கம்பை மடித்துப் பையில் கட்டிக் கோடாலியைக் கையில் எடு. கோடாலியைப் பையின் வெளியே அழகாகக் கட்டிக்கொண்டு கம்போடு செங்குத்தில் ஏறுகிறவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும்.

உடுப்பு விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வாத்து இறகுச் சட்டையா செயற்கை நிரப்பா என்றால் ஸ்கொட்லாந்துக்குச் செயற்கை நிரப்பு, ஏனென்றால் அங்கே பனியோடு மழையும் சேர்ந்து வரும், இறகு நனைந்தால் அமுங்கிப்போகும். கையுறை மட்டும் இரண்டு சோடி. காற்று ஒன்றைப் பறித்தால் விரல் போய்விடும்.

காற்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சிவனொளிபாதமலை 2243 மீற்றர், பென் நெவிஸ் 1345 மீற்றர். "அதையே ஏறினாங்கள், இது என்ன" என்று குழுவில் ஒருவன் எழுதியிருந்தான். தம்பி, உயரத்தை வைத்துக் கணக்குப் போடாதே. சிவனொளிபாதத்தில் உச்சி வரை படிக்கட்டு, வழி நெடுக விளக்கும் தேத்தண்ணிக் கடையும். கெயன்கோர்ம் உச்சியில் 1986 பங்குனியில் பதிவான காற்று வீச்சு மணிக்கு 173 மைல். அது உச்சம்தான், ஆனால் சாதாரண மோசமான நாளில்கூட 0 பாகையில் மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 9 பாகை போல இருக்கும். கூட வருகிறவன் நடுங்குகிறானா, வார்த்தை குழறுகிறதா, பட்டன் போடத் தடுமாறுகிறானா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறானா என்று பார்த்துக்கொண்டே நட. உடம்புச் சூடு 35 பாகைக்குக் கீழே போவதற்கு அவைதான் அடையாளம், போகிறவனுக்கே அது தெரியாது.

வழி பார்க்க போன் போதுமா, வரைபடமும் திசைகாட்டியும் வேண்டுமா? இங்கே நான் பழைய ஆள் பக்கம். போன் நன்றாகவே வேலை செய்யும், குளிரில் பற்றரி இறங்கும் வரை, கையுறையைக் கழற்ற முடிகிற வரை. பென் நெவிஸ் உச்சி ஒரு மொட்டை மேடு, வடக்குப் பக்கம் நேராக விழுகிற பாறைச் சுவர், தென்மேற்கில் ஃபைவ் ஃபிங்கர் கலி என்ற பள்ளம். மூடுபனியும் பனித்தரையும் ஒன்றாகிவிட்டால் வானம் எது நிலம் எது என்று தெரியாது. அந்த நேரத்துக்காகவே ஒரு கணக்கு இருக்கிறது: உச்சித் தூணிலிருந்து, வரைபடத்தின் வடக்கிலிருந்து அளக்கிற கோணத்தில் 231 பாகைத் திசையில் 150 மீற்றர், பிறகு 282 பாகையில் இறக்கம். அந்த 150 மீற்றரை எண்ணி நடக்க, பனியில் உன் காலடி 100 மீற்றருக்கு எத்தனை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். போனையும் வைத்திரு, உள்பையில், உடம்புச் சூட்டில். ஆனால் இந்த நான்கு எண்களும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் இருக்கட்டும்.

வானிலைக்கும் அப்படித்தான். போனில் வருகிற நகர வானிலை கிளாஸ்கோவுக்குச் சரி. மலைகளுக்கென்றே தனி முன்னறிவிப்பு இருக்கிறது. அதோடு ஸ்கொட்லாந்துப் பனிச்சரிவுத் தகவல் சேவை குளிர்காலம் முழுக்க ஆறு பகுதிகளுக்குத் தினமும் அறிக்கை தருகிறது, எந்தத் திசைச் சரிவில் ஆபத்து என்று படம் போட்டே. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30க்கும் 45க்கும் இடைப்பட்ட பாகைச் சரிவுகளில்தான் நடக்கின்றன, அதாவது நாம் ஏற ஆசைப்படுகிற சரிவுகளில்.

சரி, குழுவாகப் போவதா, முதலில் பயிற்சியா? அந்தக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேரும் முதல் தடவை. ஆள் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறார்கள், மலையில் அப்படி இல்லை. 1971 கார்த்திகையில் கெயன்கோர்ம் மேட்டில் எடின்பரோ மாணவர் குழு ஒன்று, மேலே இருந்த சிறு தங்குமிடம் ஒன்றை அடைவதையே திட்டமாக வைத்துப் போனது. பனிப்புயலில் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் திறந்த வெளியில் தங்க வேண்டி வந்தது. ஐந்து மாணவர்களும் 18 வயதுப் பயிற்சித் துணைத்தலைவி ஒருவரும் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வயதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் மருமகனின் முகம் வரும். அதற்குப் பிறகு அந்த மேட்டுத் தங்குமிடங்களையே அகற்றினார்கள், ஆட்களை மேலே இழுக்கின்றன என்று. ஆகவே ஐந்து பேரும் பணத்தைச் சேர்த்து, அவிமோருக்குப் பக்கத்தில் இருக்கிற கிளென்மோர் லொட்ஜ் போன்ற இடத்தில் குளிர்கால நடைப் பயிற்சி எடுங்கள். முதல் மலை பென் நெவிஸாக இருக்கவும் வேண்டாம். மாசியில் பகல் குறைவு, மார்கழியில் ஏழு மணித்தியாலம்கூட இருக்காது, நமக்கோ வருடம் முழுக்கப் பதினொன்றரைக்கு மேல் பகல் கண்டே பழக்கம். தலைவிளக்கு இல்லாமல் யாரும் கார்க் கதவைத் திறக்கக்கூடாது.

கடைசியாக, போகிற வழியை யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று பேச்சு வந்தது. "அம்மாட்ட வட்ஸ்அப்ல சொல்லிட்டுப் போறன்" என்றான். அக்காவுக்கு அது ஆறுதல்தான், ஆனால் அங்கே பின்னேரம் 5 மணிக்கு இருட்டத் தொடங்கும்போது இங்கே இரவு 10.30. அவள் திருகோணமலையில் இருந்து 119ஐ அழுத்தினால் இலங்கைப் பொலிஸ் எடுக்கும். அங்கே 999 அழைத்து முதலில் பொலிஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. சிக்னல் பலவீனமாக இருந்தால் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் போனை அதற்கு முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் விசில், நிமிடத்துக்கு ஆறு தரம், ஒரு நிமிடம் விட்டு மறுபடி. ஆகவே வழி, ஏறுகிற பாதை, இறங்குகிற நேரம், எத்தனை மணிக்கு மேல் பொலிஸுக்கு அழைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதிய தாள் அங்கே அறையில் இருக்கிறவனிடம் போக வேண்டும் என்று முடிவாயிற்று. அக்காவுக்கு, இறங்கிக் காருக்கு வந்த பிறகு ஒரு போன்.